லிங்க்கைத் தட்டினா கேம் ஓடணும்!

எட்டு மாசம், ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து ஒரு பஸிள் கேம் செஞ்சேன். டெமோவை பிரவுசர்லயே ஓடுற மாதிரி எக்ஸ்போர்ட் பண்ணி, சோஷியல் மீடியாவுல லிங்க் போட்டேன். லைக் வந்துச்சு. கூடவே, "வெறும் கறுப்பு ஸ்கிரீன்தான் வருது ப்ரோ"னு கமெண்ட்டும் வந்துச்சு. அதையே நாலு பேர் சொன்னதும் வயித்தைக் கலக்கிடுச்சு.

தப்பு என்னோடதுதான். ஃபைல் 60 எம்பி. வீட்டு வைஃபையில் சட்டுன்னு திறந்துடும். பஸ்ல மொபைல் டேட்டாவில் பார்க்கிறவருக்கு அது இறங்கவே நேரம் ஆகும். லோடிங் பார் வேற நான் வைக்கலை. கேம் உடைஞ்சுபோச்சுன்னு நினைச்சு அவங்க கிளம்பிட்டாங்க.

அதனால் டெமோவுக்கு முதல் மூணு லெவல் மட்டும் வச்சேன். படங்களை வெப்பி ஃபார்மட்டுக்கு மாத்தினேன். 9 எம்பிக்கு வந்துச்சு. லோடிங் பார், அப்புறம் ஒரு 'தொடங்கு' பட்டன். அந்த பட்டன் அழகுக்கு இல்லை: பயனர் ஒரு தடவை தொடும் வரைக்கும் குரோம் மாதிரி பிரவுசர்கள் சத்தத்தை அனுமதிக்காது.

இன்னொரு விஷயம். லிங்க்கைத் தட்டினால் பல ஆப்கள் தங்களுக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரைத் திறக்கும். அங்கே சேவ் ஆனது, அப்புறம் குரோம்ல போய்த் திறந்தா இருக்காது. அதனால் டெமோ ஒரே மூச்சில், அஞ்சு நிமிஷத்தில் முடியணும்.

அது எப்படிப் பரவும்? வேர்டில் கேமைப் பாருங்க. ஜோஷ் வார்டில் 2021-ல் வெளியிட்டார். நவம்பர் 1 அன்று ஆடினவங்க 90 பேர். இரண்டே மாதத்தில் 3 லட்சத்தைத் தாண்டிடுச்சு. டிசம்பரில் வந்த அந்தப் பச்சை, மஞ்சள் கட்டங்களுக்கு அதில் பெரிய பங்கு. விடையைச் சொல்லாமல், "நான் எப்படி ஆடினேன் பார்"னு மட்டும் காட்டும். விளம்பரத்தை ஆடுறவங்களே செஞ்சாங்க.

நானும் கடைசியில் ஒரு ஷேர் பட்டன் வச்சு மறுபடி போட்டேன். முன்பின் தெரியாத ஒருத்தர், "மூணாவது லெவல்ல மாட்டிக்கிட்டேன், க்ளூ கொடுங்க"ன்னு எழுதினார். எட்டு மாசத்துக்கு அது போதும்.

நீங்க போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி, அம்மாவோட பழைய போன்ல, வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை தட்டிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!