கண்ணுக்குத் தெரியாத வேலி

என் தாயாரின் அறுவைப் புண்ணுக்குக் கட்டு மாற்றியபோது நான் அருகில் இருந்தேன். கையில் எடுத்த இடுக்கியைச் செவிலியர் திடீரென ஒதுக்கிவிட்டு வேறொரு பொதியைப் பிரித்தார். "ஏன் அக்கா?" என்றேன். "முனை கட்டிலில் பட்டுவிட்டது." "துடைத்தால் போதாதா?" "துடைத்தால் அழுக்குப் போகும். கிருமி போகுமா, தம்பி?" அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கருவிகளை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில், 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைத்துக் கிருமி நீக்குகின்றனர். அவற்றைப் பரப்ப விரிக்கும் தூய துணியின் மேற்பரப்பே கிருமியற்ற களம். அதிலும் ஓரத்து ஓர் அங்குலத்தைக் கிருமியுள்ளதாகவே கொள்வர். துணி நனைந்தாலும் களம் கெட்டது. ஈரத்தின் வழியே கிருமிகள் ஊடுருவும்.

ஒருவரின் கிருமியை மற்றவருக்குக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் கைகளே. 1847இல் வியன்னாப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய செம்மெல்வைஸ், பிணப் பரிசோதனை செய்த கைகளோடு பிரசவம் பார்ப்பதே தாய்மாரின் சாவுக்குக் காரணமெனக் கண்டார். குளோரினேற்றிய சுண்ணாம்புக் கரைசலில் அனைவரையும் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் ஏறத்தாழ 18 விழுக்காடாக இருந்த சாவு, ஜூனில் ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்தது.

அன்று இடுக்கி பட்டதை அச்செவிலியரன்றி எவரும் காணவில்லை. மறைத்திருந்தாலும் கேட்பாரில்லை, துன்பம் என் தாயாருக்கே. களத்தைக் காக்கும் வேலி துணியன்று, அதனருகே நிற்பவரின் மனச்சாட்சியே என்பதை அன்று உணர்ந்தேன்.