தட்டிற் பொறித்த எழுத்து

எண்ணியதை எழுதி வைத்தலும், எழுதியதைப் பேணிக் காத்தலும் மக்களினத்தின் தொன்மையான முயற்சிகளாகும். கல்லும் களிமண்ணும் ஓலையும் தாளும் காலந்தோறும் இப்பணிக்குத் துணை நின்றன. நம் காலத்தில் இப்பணியை ஏற்றவை ஒளித்தட்டும், கணிப்பொறியின் பிற சேமிப்புக் கருவிகளுமாகும். அவற்றைப் பற்றிப் பலருள்ளத்தும் எழும் வினாக்கள் சில உண்டு. தட்டில் எழுத்து எங்கே உள்ளது? கருவி அதனை எங்ஙனம் படிக்கின்றது? எழுதியது எத்துணைக் காலம் நிலைக்கும்? இவற்றுள் இறுதி வினாவே தலையாயது. எனினும், முன்னைய இரண்டிற்கும் விடை கண்ட பின்னரே அதன் விடை நன்கு விளங்கும்.

பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்கள் கூடி வகுத்த குறுந்தட்டு, 1982ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. முதலில் இசைக்கென அமைந்த அது, பின்னர்க் கணிப்பொறிக்கும் பயன்படலாயிற்று. அதன் விட்டம் 12 சென்டிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆகிய அத்தட்டின் மேற்புறத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய குழிகள் வரிசையாகப் பதிந்துள்ளன. அவற்றின்மேல் மெல்லிய அலுமினியப் படலமும், அதன்மேல் காப்புப் பூச்சும், அதன்மேல் தட்டின் பெயரும் அமைந்துள்ளன. குழிவரிசை நடுவில் தொடங்கி, சுருள் சுருளாக விளிம்பு நோக்கிச் செல்லும். அச்சுருளை நீட்டி வைத்தால் அது 5 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையதாகும்!

இக்குழிகளைப் படிப்பது லேசர் ஒளி. தட்டு சுழலும்போது கீழிருந்து பாயும் ஒளி, அலுமினியப் படலத்திற் பட்டு மீளும். சமதளத்திற் பட்டால் மிகுதியாகவும், குழியிற் பட்டால் மங்கியும் மீளும். குழி தொடங்கும் இடத்தும் முடியும் இடத்தும் ஒளியில் மாற்றம் தோன்றும். மாற்றமுள்ள இடத்தை 1 என்றும், மாற்றமில்லா இடத்தை 0 என்றும் கருவி கொள்ளும். எழுத்தாயினும் இசையாயினும் ஓவியமாயினும், இவ்விரண்டு இலக்கங்களின் கோவையாகவே தட்டில் உறைகின்றன. பழைய இசைத்தட்டில் ஊசி உரசுவதுபோல் இங்கு எதுவும் உரசுவதில்லை; ஆதலின், படிப்பதனால் தட்டுத் தேய்வதில்லை.

ஒரே அளவுள்ள தட்டுகளுள் ஒன்று குறைவாகவும் மற்றொன்று மிகுதியாகவும் கொள்வதேன் என்று சிலர் வினவுவர். எழுத்தாணியின் முனை கூரியதாயின் சிறிய எழுத்துகளை நெருக்கமாக எழுதலாம் அன்றோ? அதுபோல, ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதனை மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். குறுந்தட்டிற்குரிய லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர்; அத்தட்டுக் கொள்வது ஏறத்தாழ 65 முதல் 70 கோடி பைட். 1996இல் வெளிவந்த டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளி பயன்படுகிறது. அதன் ஓரடுக்கு 470 கோடி பைட் கொள்ளும். 2006இல் வெளிவந்த புளூ-ரே தட்டுக்கு 405 நானோமீட்டர் ஊதாவொளி பயன்படுகிறது; அதன் ஓரடுக்கு 2,500 கோடி பைட் கொள்ளும். குறுந்தட்டுக்கென மட்டும் அமைந்த கருவி டி.வி.டி.யைப் படிக்க இயலாமைக்கும் இதுவே காரணம்.

ஆலையில் ஆகும் தட்டில் குழிகள் அச்சினால் பதிக்கப்படும். நாமே ஒருமுறை மட்டும் எழுதிக்கொள்ளும் குறுந்தட்டிலோ குழிகளுக்கு மாறாகச் சாயப்படலம் ஒன்று உண்டு. வலிய லேசர் ஒளி பட்ட இடத்தில் சாயம் மாறிவிடும்; மாறியது மீளாது. ஆதலின், ஓரிடத்தில் ஒருமுறையே எழுத இயலும். அச்சாயம் வெயிலுக்கும் வெப்பத்திற்கும் அஞ்சும்.

கணிப்பொறியினுள் இருக்கும் வன்தட்டின் இயல்பு வேறு. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அக்கருவி கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே! வன்தட்டில் எழுதுவது ஒளியன்று, காந்தம். எழுதும் முனை, சுழலும் தட்டைத் தொடாது, மிக மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதந்து செல்லும். அதிர்ச்சியால் முனை தட்டில் மோதுமாயின் எழுதியவை அழியும். திண்ம நிலைச் சேமிப்பியிலோ சுழலும் உறுப்பு இல்லை. மின்னூட்டமே அதன் எழுத்து. நெடுநாள் மின்சாரமின்றிக் கிடப்பின் அம்மின்னூட்டம் கசியக்கூடும். ஆகவே, குறையற்ற கருவி ஒன்றுமில்லை.

தட்டை விளிம்பிற் பிடித்தல் வேண்டும். துடைக்குங்கால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தால், நேரும் கீறல் குழிவரிசையின் வழியே நீண்டு பல இலக்கங்களை மறைக்கும். குறுந்தட்டில் பெயரெழுதிய புறமே மென்மையானது. அதன் அடியிலேயே அலுமினியப் படலம் உள்ளது.

இவ்வாறு பேணினால் மட்டும் போதுமோ? இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். முதலாம் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களையும் உடைமைகளையும் ஆராய்வித்து, 1086இல் தொகுப்பித்த ‘டூம்ஸ்டே’ ஏடு தோலில் எழுதப்பட்டது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் அந்நாட்டு வாழ்க்கையை இரண்டு லேசர் தட்டுகளில் பதித்து வெளியிட்டது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அப்பணியில் பங்குகொண்டனர். அவருட் பலர் பள்ளி மாணவர். தத்தம் ஊரைப் பற்றி அவர்கள் எழுதியவை அத்தட்டுகளில் இடம்பெற்றன. ஆனால், அவற்றைப் படிப்பதற்கெனத் தனிக்கருவிகள் வேண்டியிருந்தன. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குள் அக்கருவிகள் அரியவாயின. மன்னன் தொகுப்பித்த ஏடு படிக்கத்தக்கதாய் இருக்க, மாணவர் எழுதியவை படிப்பாரற்றுப் போகுமோ என்னும் அச்சம் பிறந்தது. 2002இல் லீட்சு, மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பழைய கருவிபோலவே இயங்கும் மென்பொருளை அமைத்து அவற்றைப் படிக்கும் வழி கண்டனர். 2011இல் அவற்றின் ஒரு பகுதியைப் பி.பி.சி. நிறுவனம் இணையத்தில் வெளியிட்டது.

இதனால் நாம் அறிவது யாது? தட்டுச் சிதையாதிருப்பினும், அதனைப் படிக்கும் கருவி மறைந்துவிடின் எழுத்து ஊமையாகும். ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்த முன்னோராலேயே பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு எட்டின. அவ்வழியே இன்றைக்கும் ஏற்றதாகும். அரியனவற்றை ஒரே கருவியில் வையாமல், இரண்டு மூன்று படிகளாக்கி வெவ்வேறிடங்களில் வைத்தல் வேண்டும்; அவற்றை அவ்வப்போது திறந்து பார்த்து, பழைய கருவி வழக்கொழியுமுன் புதியதற்கு மாற்றுதலும் வேண்டும். எழுத்தை வாழ்விப்பது தட்டன்று. தலைமுறைதோறும் அதனைப் படியெடுப்போரின் அக்கறையே ஆகும்.