வெளிநாட்டவர் துப்பாக்கியோடு இந்தியா வரலாமா? தூத்துக்குடி கப்பல் வழக்கு முதல் பையில் சிக்கும் ஒற்றைத் தோட்டா வரை

2013 அக்டோபரில் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றை இந்தியக் கடலோரக் காவல் படை மடக்கி, தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கப்பலின் பெயர் ‘சீமேன் கார்டு ஓஹியோ’. உரிமையாளர் ஓர் அமெரிக்க நிறுவனம். கப்பல் பதிவு செய்யப்பட்டிருந்ததோ ஆப்பிரிக்காவின் சியரா லியோனில். உள்ளே 35 பேர், 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். எஸ்டோனியர்கள் 14 பேர், பிரிட்டிஷார் 6 பேர், உக்ரைன்காரர்கள் 3 பேர், இந்தியர்கள் 12 பேர்.

அவர்கள் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் வேலையில் இருந்தவர்கள். ஆயுதங்கள் முறைப்படி வாங்கியவை, ஆவணங்கள் இருக்கின்றன என்பது கப்பல் தரப்பின் வாதம். ஆனாலும் 35 பேரும் கைதானார்கள். வழக்கு முடிய நான்கு ஆண்டுகள் ஆயின.

தன் நாட்டில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர், அதை இந்தியாவுக்குள் கொஞ்ச நாளைக்கு மட்டும் கொண்டுவர முடியுமா? ‘போகும்போது திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேனே’ என்று சொன்னால் சட்டம் ஒப்புக்கொள்ளுமா?

உரிமம் ஒன்றல்ல, இரண்டு

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் 3-வது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. 10-வது பிரிவு, அவற்றை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் உரிமம் வேண்டும் என்கிறது. வைத்திருப்பது வேறு, எல்லை தாண்டிக் கொண்டுவருவது வேறு. அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநிலம் கொடுத்த உரிமமோ, ஜெர்மனியில் வாங்கிய அட்டையோ இந்த இரண்டில் எதற்கும் மாற்றாகாது.

ஆனால் 10-வது பிரிவிலேயே சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த நாட்டைச் சேர்ந்த உண்மையான சுற்றுலாப் பயணி, அவருடைய நாட்டுச் சட்டம் தடுக்காத பட்சத்தில், நியாயமான அளவில் துப்பாக்கியும் தோட்டாவும் கொண்டுவரலாம். இறக்குமதி உரிமம் தேவையில்லை. விதிகளில் சொல்லப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டால் போதும். நோக்கம் மட்டும் ‘விளையாட்டு’ என்பதாக இருக்க வேண்டும். வேறு எதற்கும் கூடாது. தற்காப்புக்காக என்று சொல்லிக் கொண்டுவர இந்த விதிவிலக்கில் இடமே இல்லை.

இந்த ‘விளையாட்டு’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1959-இல் வெளிநாட்டுப் பயணி இந்தியாவுக்குத் துப்பாக்கியோடு வந்தால், பெரும்பாலும் அவர் வந்தது காட்டுக்குத்தான். பரண் கட்டி, ஆள் வைத்து விரட்டி, புலியைச் சுட வைத்து அனுப்பும் ‘ஷிகார்’ நிறுவனங்கள் அன்று டாலரில் சம்பாதித்துக்கொண்டிருந்தன. அரசுக்கும் அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. சுற்றுலாப் பயணிக்குச் சட்டம் இவ்வளவு தாராளமாகக் கதவு திறந்தது அந்தக் காலத்தில்தான். 1970-இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து பொழுதுபோக்கு வேட்டைக்கே முடிவு கட்டியது. கதவு அப்படியே இருக்கிறது, அதன் வழியாக வந்தவர்கள்தான் இப்போது வருவதில்லை. இன்று ‘விளையாட்டு’ என்றால் நடைமுறையில் துப்பாக்கி சுடும் போட்டி மட்டுமே.

போட்டிக்கு வருபவர்கள் எப்படி வருகிறார்கள்?

டெல்லி துக்ளகாபாத்தில் உள்ள கர்ணி சிங் மைதானத்தில் உலகக் கோப்பைப் போட்டிகள் நடக்கும்போது, பல நாட்டு வீரர்கள் சொந்தத் துப்பாக்கியோடுதான் வருகிறார்கள். வேறு வழியில்லை. கைப்பிடியைக்கூட உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கி வைத்திருப்பார்கள். மற்றவர் துப்பாக்கியை வாங்கிச் சுடும் விளையாட்டு அல்ல இது.

இவர்களுக்கான வேலை விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிடுகிறது. எந்த வீரர், எந்தத் தயாரிப்பு, என்ன ரகம், வரிசை எண் என்ன, எத்தனை தோட்டா என்ற விவரங்கள் போட்டி அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே போய்விடும். விமானத்தில் துப்பாக்கி குண்டு நிரப்பப்படாமல், பூட்டிய பெட்டியில், சரக்கு அறையில்தான் பயணிக்கும். தோட்டாக்களுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு பயணிக்கு 5 கிலோ என்பது பொதுவான உச்சவரம்பு. விமான நிறுவனத்தின் முன்அனுமதியும் வேண்டும். இறங்கியதும் சுங்கத் துறை அதிகாரிகள் பட்டியலை எடுத்துவைத்து, வரிசை எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார்கள். திரும்பிப் போகும்போதும் அதே சோதனைதான். வந்த எண்ணிக்கையும் போகும் எண்ணிக்கையும் பொருந்தியாக வேண்டும்.

பட்டியலில் ஓர் எண் மாறியிருந்தால்? சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும் வரை துப்பாக்கியையும் தோட்டாவையும் அவர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். 10-வது பிரிவே இந்த அதிகாரத்தைத் தருகிறது. மறுநாள் காலை போட்டி என்பது அங்கே ஒரு காரணமே அல்ல.

‘நான் நம்ம ஊர்க்காரன்தானே?’

அமெரிக்காவில் குடியேறி, அங்கே சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கி வைத்திருக்கும் தமிழர்களும் உண்டு. ஊருக்கு வரும்போது எடுத்து வரலாமா என்ற கேள்வி அவர்களுக்கு வருவது இயல்பு. ஓசிஐ அட்டை விசாவுக்குத்தான் மாற்று, துப்பாக்கி உரிமத்துக்கு அல்ல.

இன்னொரு குழப்பம், சுங்க விதியைப் படிப்பதில் வருகிறது. 2016-ஆம் ஆண்டு பேகேஜ் விதிகளில், வரிவிலக்கு கிடையாத பொருட்களின் பட்டியலில் முதலில் இருந்ததே துப்பாக்கிதான். இரண்டாவது, ‘50-க்கு மேற்பட்ட தோட்டாக்கள்’. இதைப் படித்துவிட்டு, ‘அப்போ 50 தோட்டா வரைக்கும் பிரச்சினை இல்லையே’ என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஆபத்தான வாசிப்பு இது. அந்த விதி பேசியது வரியைப் பற்றி மட்டும்தான். அனுமதியைப் பற்றிப் பேசுவது ஆயுதச் சட்டம். அதன் கணக்கில் உரிமம் இல்லாத ஒரு தோட்டாவும் குற்றம்தான்.

10-வது பிரிவை மீறிக் கொண்டுவந்தால் முன்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை என உயர்த்தியது. தானியங்கி ரகம் போன்ற தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றால் தண்டனை இன்னும் கடுமை: குறைந்தபட்சமே ஏழாண்டு.

கடல் வழியாக வந்தால்?

ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, கடலில் செல்லும் கப்பலின் வழக்கமான ஆயுதத் தளவாடமாக இருப்பவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்தப் பிரிவை எழுதியபோது, கப்பலே ஒரு ஆயுதக் கிடங்காக மிதக்கும் காலம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சோமாலியக் கடற்கொள்ளையர் தொல்லை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், வணிகக் கப்பல்கள் தனியார் காவலர்களை அமர்த்தத் தொடங்கின. காவலர் ஒரு துறைமுகத்தில் ஏறி இன்னொன்றில் இறங்குவார். அவர் இறங்கலாம், அவருடைய துப்பாக்கி இறங்கக் கூடாது. பல நாடுகளின் சட்டம் அப்படி. அதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழிதான் மிதக்கும் ஆயுதக் கிடங்கு. சர்வதேசக் கடலில் ஒரு கப்பலை நிறுத்திவைத்து, காவலர்களையும் துப்பாக்கிகளையும் அதில் தங்கவைப்பது. எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் போகாத வரை எந்த நாட்டின் உரிமமும் வேண்டாம். கணக்கு சரிதான். ஆனால் டீசல் தீர்ந்தால் என்ன செய்வது?

ஓஹியோ கப்பல் மாட்டியது அங்கேதான். மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து பீப்பாய்களில் டீசல் வாங்கியதாக அதன் மீது தனிக் குற்றச்சாட்டு. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கப்பல் இருந்தது என்றது அரசுத் தரப்பு. கப்பல் தரப்போ அதை மறுத்தது. அந்த நாட்களில் வங்கக் கடலில் பைலின் புயல் வீசிக்கொண்டிருந்ததையும் எரிபொருள் தேவையையும் காரணம் காட்டியது. 12 மைல் என்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவின் ஆட்சி எல்லை. அதற்குள் வெளிநாட்டுக் கப்பல் தீங்கு செய்யாமல் கடந்து போகலாம், ஐ.நா. கடல் சட்டம் அதை அனுமதிக்கிறது. நங்கூரம் போட்டு நிற்பது அந்த உரிமையில் சேராது. வழக்கமான பயணத்தின் ஒரு பகுதியாகவோ, ஆபத்தாலோ நின்றால்தான் விலக்கு. நின்றது ஏன் என்பதே வழக்கின் முக்கியக் கேள்விகளில் ஒன்றானது.

காலமும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. 2012 பிப்ரவரியில்தான் ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள், கேரளக் கடலில் இரண்டு மீனவர்களைக் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். துப்பாக்கி ஏந்திய வெளிநாட்டுக் கப்பல் என்றாலே தென்கோடி மீனவக் கிராமங்கள் கொதித்துப் போயிருந்த நேரம் அது.

க்யூ பிரிவு போலீசார் விசாரித்த இந்த வழக்கில், ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுகளை 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓராண்டு கழித்து உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, விசாரணை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. இடையில் ஜாமீனில் இருந்த மாதங்களிலும் வெளிநாட்டவர்களால் சொந்த ஊர் போக முடியவில்லை. பிரிட்டனில் ‘சென்னை சிக்ஸ்’ என்ற பெயரில் அவர்களுடைய குடும்பத்தினர் பெரிய இயக்கமே நடத்தினார்கள். ஒரே சம்பவத்தை வெவ்வேறு நீதிமன்றங்கள் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்ததிலிருந்தே, எல்லைக்கு வெளியே ‘சட்டபூர்வம்’ என்று நம்பியது எல்லைக்குள் எவ்வளவு ஆட்டம் காணும் என்பது தெரிகிறது.

மற்ற நாடுகளில் எப்படி?

கனடாவில் இது கொஞ்சம் எளிது. வேட்டைக்கு வரும் அமெரிக்கர் எல்லையில் ஒரு படிவம் நிரப்பி, 25 கனடிய டாலர் கட்டினால் அதுவே 60 நாளைக்கான உரிமம். சுங்க அதிகாரியின் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அதெல்லாம் வேட்டைத் துப்பாக்கி ரகங்களுக்கு. 2022 முதல் கைத்துப்பாக்கிகளுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு. பிரிட்டனில், அங்கே வசிக்கும் ஒருவர் பொறுப்பேற்று உள்ளூர் போலீசிடம் விண்ணப்பித்தால்தான் பயணிக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கும். துப்பாக்கிக்குப் பெயர் போன அமெரிக்காவிலும், விசாவில் வரும் வெளிநாட்டவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமமோ போட்டி அழைப்போ இருந்தால் விலக்கு உண்டு. தோரணை ஊருக்கு ஊர் மாறுகிறது. உன் நாட்டு உரிமமே போதும் என்று மட்டும் இவற்றில் எந்த நாடும் சொல்லவில்லை.

பையில் ஒரு தோட்டா இருந்துவிட்டால்?

துப்பாக்கியைத் தெரிந்தே கொண்டுவரும் வெளிநாட்டவர்கள் குறைவு. தெரியாமல் தோட்டா கொண்டுவருபவர்கள்தான் அடிக்கடி செய்தியில் வருகிறார்கள். வார இறுதியில் சுடும் பயிற்சிக்குத் தூக்கிப்போன அதே முதுகுப்பை, அதன் ஓர மடிப்பில் சில்லறைக் காசு மாதிரி ஒரு தோட்டா. புறப்பட்ட நாட்டுச் சோதனையில் தப்பிவிடும். பயணி இந்தியாவில் பத்து நாள் கோயில் குளம் சுற்றிவிட்டு, திரும்பிப் போகும்போது விமான நிலைய ஸ்கேனரில் அது மாட்டும். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் போலீசிடம் ஒப்படைப்பார்கள். ஆயுதச் சட்டத்தின் 25-வது பிரிவில் வழக்கு. விமானம் போய்விடும்.

இங்கே நீதிமன்றங்கள் ஓரளவு இரக்கம் காட்டியிருக்கின்றன. ஆயுதம் ‘வைத்திருந்தார்’ என்றால், அது தன்னிடம் இருப்பதை அறிந்தே வைத்திருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கி ஏதும் இல்லாமல் ஒன்றிரண்டு தோட்டாவோடு மட்டும் சிக்கியவர்கள் மீதான பல வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. தனியாகக் கிடக்கும் ஒரு தோட்டா, துணைப் பாகம் இல்லாத உதிரி மாதிரிதான் என்ற வாதத்தையும் அது ஏற்றதுண்டு.

ஆனால் இந்த நிவாரணம் கேட்டதும் கிடைப்பதல்ல. முதலில் கைது, பிறகு ஜாமீன், பிறகு வழக்கறிஞர் வைத்து உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. ‘எனக்குத் தெரியாது’ என்பதை நம்புவதா வேண்டாமா என்று அங்கே ஒரு நீதிபதி முடிவெடுக்கும் வரை, விடுமுறைக்கு வந்தவர் தவணைக்குத் தவணை காத்திருக்க வேண்டியதுதான். துப்பாக்கிப் பயிற்சிக்கு எடுத்துப்போகும் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வேறு பெட்டியில் துணி அடுக்குவது இதைவிடச் சுலபம். அதே பைதான் வேண்டும் என்றால், புறப்படும் முந்தைய நாள் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிடலாம்.