பேட்டரியை நிரப்பி வைக்காதீங்க!

போன வருஷம் சம்பா அறுப்பு முடிஞ்ச கையோடு எங்கள் குழுவின் தெளிப்பு ட்ரோனைத் துடைத்து, அதன் நாலு பேட்டரிக்கும் முழுசாக சார்ஜ் ஏற்றி, வீட்டு பீரோ மேலே வைத்தேன். நிறைஞ்சு இருந்தால்தான் கெடாது என்று நினைப்பு. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் கற்ற பாடம் அது. ஆவணியில் எடுத்துப் பார்த்தால், இரண்டு பேட்டரி தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது.

ஒன்று பதினெட்டாயிரம் ரூபாய். பன்னிரண்டு பேர் சேர்ந்து போட்ட காசு. 34 வருஷம் வங்கியில் அடுத்தவர் பணத்துக்குக் கணக்குச் சொன்னவன், அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் தலை குனிந்து நின்றேன். யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

என் வீடு எண்ணூர் நெட்டுக்குப்பத்தில், கழனி மீஞ்சூர் பக்கம். குப்பத்தில் கிடைக்கும் மீன் கழிவில் வெல்லம் சேர்த்து மீன் அமிலம் போடுகிறோம். (2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெல்லாம் படிந்தபோது மட்டும் சில மாதம் நிறுத்தி வைத்தோம்.) சேற்றில் இறங்கித் தெளிக்க ஆள் கிடைக்காததால்தான் ட்ரோன் வாங்கினோம். இயற்கை விவசாயிக்கு ட்ரோன் எதுக்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சண்டையை வேறொரு இதழில் போட்டுக்கொள்ளலாம். மகளிர் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில் ட்ரோன் தரும் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில், ட்ரோனோடு கூடுதலாக நாலு செட் பேட்டரியும் தொகுப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். செலவு எங்கே போகும் என்று அதிலேயே தெரிகிறது இல்லையா?

நான் செய்த தப்பு என்ன? இன்வெர்ட்டரிலும், பழைய முதுகு ஸ்பிரேயரிலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. அதைக் காலியாகப் போட்டு வைத்தால் உள்ளே தகட்டில் உப்புப் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. அதனால் அதை எப்போதும் நிறைத்தே வைக்க வேண்டும். ட்ரோனில் இருப்பது லித்தியம் பாலிமர், கடைக்காரர் பாஷையில் லிப்போ. இதன் குணமே வேறு. முழுசாக நிரம்பி நிற்கும்போது உள்ளிருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயு உண்டாகும். வெயில் காலத்தில் இது வேகமாக நடக்கும். மேலே இருப்பது கெட்டியான டப்பா இல்லை, மெல்லிய பை. அதனால் உப்புகிறது. சித்திரை, வைகாசி முழுக்க ஓட்டு வீட்டு பீரோ மேல் வைத்தால் வேறென்ன ஆகும்?

சரி, காலியாக வைக்கலாமா என்றால் அதுவும் கூடாது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட ஆரம்பிக்கும்; இன்னும் ரொம்பக் கீழே போனால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அப்படிச் செத்த பேட்டரியை, வேறு சார்ஜர் வைத்து எழுப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். மினிமம் பேலன்ஸுக்குக் கீழே போன கணக்கு மாதிரி இல்லை இது, பணம் கட்டி மீட்க முடியாது.

கணக்கு இதுதான். ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட். எங்கள் பேட்டரியில் ஆறு செல், ஆக 25.2. மூன்று நாளைக்கு மேல் வேலை இல்லை என்றால் செல்லுக்கு 3.8, அதாவது மொத்தம் 22.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். நல்ல சார்ஜரில் ‘ஸ்டோரேஜ்’ என்று ஒரு பட்டனே இருக்கும். அது தானே ஏற்றியோ இறக்கியோ நிறுத்திக்கொள்ளும். எங்கள் சார்ஜரிலும் இருந்தது. நான்தான் அது என்னவென்று கேட்கவில்லை.

பறக்கும்போது செல்லுக்கு 3.6 வந்ததும் ட்ரோனை இறக்கிவிடணும். இங்கேதான் தகராறு. எங்கள் பைலட் குப்பத்துப் பையன், கெட்டிக்காரன். “இன்னும் ஒரு மூலைதான் சார், முடிச்சுட்டு எறக்கிடுறேன்” என்பான். அந்த ஒரு மூலைதான் பேட்டரியின் ஆயுசைத் தின்னும்.

அடுத்த தப்பு அவசரம். மருந்து டேங்க்கோடு பறந்து இறங்கும் பேட்டரி தொட்டால் சுடும். அப்படியே சார்ஜரில் மாட்டக்கூடாது. நிழலில் அரை மணி வைத்து, கைக்குச் சூடு தெரியாமல் ஆறிய பிறகுதான் மாட்டணும். எங்களுடையது 16 ஆம்பியர்-அவர் பேட்டரி; 16 ஆம்பியருக்கு மேல் வேகமாக ஏற்றுவதில்லை. காலியானது நிரம்ப ஒரு மணி நேரம் ஆகும். ஒன்றுக்கு 400 வாட், இரண்டும் சேர்ந்தால் 800. சார்ஜரின் சேதாரமும் சேர்த்தால் ஒரு கே.வி.ஏ. ஜெனரேட்டர் மூச்சு வாங்கும். இரண்டு கே.வி.ஏ. எடுத்துப் போங்கள்.

எங்கள் ட்ரோனில் இரண்டு பேட்டரி தொடராக ஓடுகிறது. பழசோடு புதுசைச் சேர்த்தால் பழசு முதலில் காலியாகும், புதுசு அதை இன்னும் கீழே இழுக்கும். ஜோடிக்கு நம்பர் போட்டு, ஒரு நோட்டில் எத்தனை முறை சார்ஜ், எந்த செல் எவ்வளவு என்று எழுதுகிறேன். பழைய பழக்கம்! அதனால்தான் மூன்றாம் நம்பரில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.1 வோல்ட் குறைந்து நிற்பது கண்ணில் பட்டது. அதைப் பறக்க விடுவதில்லை.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு முறை தோல் உரிகிறது, கனெக்டர் எம்மாத்திரம்? மேலே அனல் மின் நிலையச் சாம்பல் வேறு. இப்போது பேட்டரிகளை மீஞ்சூர் மண் சுவர் அறைக்கே மாற்றிவிட்டேன். மண் பானையில் அடியில் மணல், மேலே தட்டு. தட்டை இறுக மூடுவதில்லை, வாயு வந்தால் வெளியேற வழி வேண்டும். பக்கத்தில் வைக்கோல், ஓலை, டீசல் எதுவும் கிடையாது. சார்ஜ் ஏறும்போது ஒருவர் கூடவே இருப்பார். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது அறவே கிடையாது.

பேரன் லீவுக்கு வந்தபோது தன் ரிமோட் காரோடு வந்தான். அதிலும் இரண்டு செல் லிப்போ. “தாத்தா, ஓடி முடிஞ்சதும் நான் ஸ்டோரேஜ்ல போட்டுடுவேன்” என்றான். எட்டாம் வகுப்பு. எங்கே தெரிந்துகொண்டாய் என்றால், கார் பெட்டியில் இருந்த தாளைப் படித்தானாம். ட்ரோன் பெட்டியிலும் அந்தத் தாள் இருந்தது, பிரிக்காமலே.

ட்ரோன் இல்லாதவர்கள் உங்கள் முதுகு ஸ்பிரேயரைத் திருப்பிப் பாருங்கள். பழசில் 12 வோல்ட் ஈய-அமிலம் இருக்கும். புதுசு பலவற்றில் லித்தியம் வருகிறது. ஈயமென்றால் தெளித்த அன்றே நிறைத்து, மாதம் ஒரு முறை மறுபடி நிறையுங்கள். லித்தியமென்றால் பாதியில் வையுங்கள்.

உப்பிய இரண்டையும் குத்தவோ பிரிக்கவோ இல்லை. குப்பையில் போட்டால் கொடுங்கையூர் மேட்டில் போய் எரியும், அந்தப் புகை நமக்கே திரும்பி வரும். 2022-இன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழசைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. விற்றவரிடம் அதைச் சொல்லி மூன்று முறை போன் போட்டேன். நாலாவது முறை ஆள் அனுப்பினார்கள். அதுவரை இரண்டும் கழனி மூலையில் மணல் வாளியில் கிடந்தன.