16 வயதோடு நின்றுபோகும் ஊசி

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. மிளகு பறிப்புக் காலத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாய்த்து ஏறுகிறார்கள். மற்ற நாட்களில் மரவள்ளி, சாமை, வாழை என்று மண்ணோடுதான் பிழைப்பு. முள் குத்துவதும் கொத்து காலில் படுவதும் அன்றாடம். மஞ்சளை அப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

எல்லா ஊர் மண்ணையும் போல இந்த மண்ணிலும் ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கின்றன.

காயம் ஆறியபின் வரும் ஜன்னி

காற்றுப் புகாத ஆழமான காயத்தில் அந்த வித்து முளைத்து நஞ்சு சுரக்கும். பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகும், விழுங்க முடியாது, முதுகு வில்லாக வளையும். அதற்குள் காயமே ஆறியிருக்கலாம். நரம்பைப் பற்றிய நஞ்சை எடுக்க மருந்து கிடையாது; வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைதான்.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அதனால் ஊரே ஊசி போட்டிருந்தாலும், போடாத ஒருவருக்கு அது காப்பாகாது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை.

ஆண்களை யார் கூப்பிடுகிறார்கள்?

இந்தியாவில் குழந்தைத் தடுப்பூசித் திட்டம் 1978-இல்தான் தொடங்கியது. 1985-க்குப் பிறகே படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் போனது. இன்று 50 வயதைத் தாண்டிய மலைவாசி ஒருவர் சிறுவயதில் ஒரு தவணைகூடப் போடாமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது 10, 16 வயதுகளில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து டிடி ஊசி உண்டு. அதன்பின் கர்ப்பிணிகளை அழைத்துப் போடுகிறார்கள். தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது அந்த உழைப்பின் பலன். ஆனால் ஆண்களையும் பிள்ளைப்பேறு முடிந்த பெண்களையும் யாரும் கூப்பிடுவதில்லை. காயம் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஊசி. உழுது வெட்டி மரமேறுகிறவர்களே விடுபட்டுப்போவது பெரிய ஓட்டை.

தொண்டை அடைப்பானும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2016-இல் கேரளத்தின் மலப்புரத்தில் அது மீண்டும் தலைகாட்டியது.

எப்போது, எத்தனை?

முன்பு போட்டதே இல்லை என்றால் மூன்று தவணை: முதல் ஊசி, குறைந்தது 4 வாரம் கழித்து இரண்டாவது, 6 முதல் 12 மாதம் கழித்து மூன்றாவது. பிறகு 10 ஆண்டுக்கு ஒருமுறை. சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் ஃப்ளூ, நிமோனியா ஊசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நாய் கடித்தால் கணக்கே வேறு. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசித் தவணைகளில் ஒன்றையும் விடக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேட்டில் மலை முழுவதும் திரளும். அங்கே பெரியவர்களுக்கென்றே ஒரு டிடி ஊசி முகாம் போட்டு, அடுத்த தவணைத் தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தால், பஸ் பிடித்துப் போக நேரமில்லாதவர்களுக்கும் முதல் ஊசி அன்றே கிடைத்துவிடும்.