வாய்ச்சொல் பரீட்சை மண்டபம் வரை வராது

பார்வை குறைந்த மாணவி ஒருத்தி முதல் வாரமே விரிவுரையாளரிடம் போய் நிலைமையைச் சொல்கிறாள். அவர் நல்ல மனுசன். "அதுக்கென்ன பிள்ளை, பாத்துக்கொள்ளலாம்" என்கிறார். பரீட்சை நாளில் மண்டபத்தில் நிற்பவர் வேறொரு மேற்பார்வையாளர். அவரிடமுள்ள பட்டியலில் மேலதிக நேரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. மற்றவர்களின் விடைத்தாளோடு அவளுடையதும் வாங்கப்படுகிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஆளும் பாடமும் மாறினாலும் இந்தக் கதை மாறுவதில்லை. கேட்டது உண்மை, ஒப்புக்கொண்டதும் உண்மை. எழுத்தில் மட்டும் எதுவும் இல்லை.

கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகமாகட்டும், வேறு எந்த வளாகமாகட்டும், பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் ஒரு தவறான நம்பிக்கையோடுதான் வருகின்றன. உயர்தரப் பரீட்சையில் மேலதிக நேரம் கிடைத்ததே, இங்கும் கிடைக்கும் என்பது அது. தானாகக் கிடைக்காது. உயர்தரத்தில் அனுமதி தந்தது பரீட்சைத் திணைக்களம். பல்கலைக்கழகம் வேறு நிறுவனம், அதன் கோப்பும் வேறு. பழைய அனுமதிக் கடிதத்தை எறிந்துவிடாமல் புதிய விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்தால் நல்ல சான்றாகும்.

இன்னொரு வீண் அலைச்சல் பிரதேச செயலகத்துக்கு. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சக்கர நாற்காலி, செவிப்புலன் கருவி, கொடுப்பனவு பற்றிக் கேட்கலாம். பரீட்சை நேரத்தையோ விரிவுரை மண்டபத்தையோ மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் வளாகமேதான்.

முதலில் வைத்தியரின் கடிதம். "வலது கண்ணில் பார்வைக் குறைபாடு" என்று நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்கி வருவது பெரும்பாலும் பயன்படாது. பரீட்சைப் பிரிவில் இருப்பவர் கண் வைத்தியர் அல்ல. பிள்ளையால் எது முடியாது, அதற்கு என்ன வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கிளினிக் கொப்பியோடு போகும்போதே விசேட வைத்திய நிபுணரிடம் விளக்கிக் கேட்க வேண்டும்: சாதாரண அளவு அச்சை வாசிக்க இயலாது, இத்தனை புள்ளி எழுத்து தேவை, மூன்று மணிநேரப் பரீட்சைக்கு இத்தனை நிமிடம் கூடுதலாக வேண்டும், இந்த நிலை நிரந்தரமானது அல்லது இன்ன காலம் வரை நீடிக்கும். கடைசி விடயம் விடுபட்டால் ஒவ்வொரு அரையாண்டும் புதுக் கடிதம் கேட்பார்கள்.

பிறகு விண்ணப்பம். பீடாதிபதிக்கு முகவரியிட்டு, துறைத் தலைவர், பரீட்சைப் பிரிவின் உதவிப் பதிவாளர், சிரேஷ்ட மாணவ ஆலோசகர் ஆகியோருக்குப் பிரதி. "தயவுகூர்ந்து இரங்கி" என்று கெஞ்ச வேண்டியதில்லை. தேவைகளை இலக்கமிட்டு எழுதி, இன்ன திகதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்று முடித்தால் போதும். நேரில் கொடுத்தால் தம் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்க வேண்டும். முத்திரை போடத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். அரையாண்டு தொடங்கும்போதே இதைச் செய்யாமல், பரீட்சை அட்டவணை ஒட்டிய பிறகு ஓடுகிறவர்களே அதிகம்.

கேட்பவை எல்லாம் பெருஞ்செலவு வைப்பவை என்ற நினைப்பும் பிழை. விரிவுரைக் குறிப்பையே பாருங்கள். பார்வையற்ற மாணவர் கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை வைத்திருப்பார். அது யூனிகோட் தமிழை வாசித்துக் காட்டும். விரிவுரையாளர் தருவதோ பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. அதில் "அம்மா" என்று இருந்தால் மென்பொருள் காண்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். முழு விரிவுரையும் இப்படியே போனால் பிள்ளை என்ன படிக்கும்? யூனிகோடுக்கு மாற்ற ஒரு ரூபாயும் செலவில்லை. மாடியிலுள்ள வகுப்பைக் கீழே மாற்றவும் கால அட்டவணையைத் திருத்தினால் போதும்.

"ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்று அலுவலகங்களில் சொல்வதற்கு அரசியலமைப்பிலேயே பதில் இருக்கிறது. வலுவிழந்தோரின் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்வதை சமத்துவ உரிமை தடுக்காது என்கிறது உறுப்புரை 12(4). "எங்களிடம் அப்படியான ஆட்கள் இல்லை" என்பது அடுத்த சாக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோவொரு இயலாமையைக் கொண்டிருந்தனர். இல்லை என்பவர் கேட்டுப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியிலும் பொதுக் கட்டடங்களைப் பயன்படுத்துவதிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. கட்டடங்களுக்கான விதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. அவை காகிதத்திலேயே கிடந்தபோது, 1992இல் காரின்மேல் மரம் விழுந்ததில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போனார். புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. ஒப்பந்தத்தையும் இலங்கை 2016இல் ஏற்றது. ஆனால் அதை மட்டும் நம்பி வழக்காட முடியாது, உள்நாட்டுச் சட்டமும் கையில் இருக்க வேண்டும்.

மறுத்தால்? இங்கேதான் கவனம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல உறுப்புரை 126 தருவது ஒரே ஒரு மாதம். "பரீட்சை முடியட்டும்", "பெறுபேறு வரட்டும்" என்று காத்திருந்தே இந்த ஒரு மாதத்தைப் பலர் தொலைக்கிறார்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டின் பிரதி மட்டும் போதாது. விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். ஆணைக்குழுவின் 1996 என்ற அவசரத் தொலைபேசி இலக்கத்தில் பேசுவது உதவும், ஆனால் எழுத்திலும் கொடுக்க வேண்டும். பீடாதிபதிக்கு எழுதும் நினைவூட்டல் கடிதங்கள் இந்த ஒரு மாதத்தை ஒரு நாள்கூட நீட்டாது.

அனுமதி மறுப்பு, கட்டடத்துக்குள் போக முடியாமை ஆகியவற்றுக்கு 1996 சட்டத்தின்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அது திருகோணமலையிலேயே இருப்பதால் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வளாகம் பதிலே தராமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எந்தத் திகதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, அதில் யார் என்ன குறிப்பு எழுதினார், மேலதிக நேரத்துக்கு வளாகத்தில் உள்ள நடைமுறை என்ன என்று மூன்று கேள்விகள் போதும். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். இந்த விண்ணப்பமும் ஒரு மாதக் கெடுவை நிறுத்தாது என்பதால், மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டை முதலில் கொடுத்துவிட்டே இதைக் கொடுக்க வேண்டும்.