முதலில் எர்த்திங், பிறகு மெமரி

ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தில் என் ஆட்களிடம் ஓயாமல் சொல்வேன்: "கரண்டை நிறுத்திவிட்டார்கள் என்று நம்பாதே, எர்த் செய்த பிறகே கம்பியைத் தொடு." ரயிலுக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட். பவர் பிளாக் வாங்கி, டிஸ்சார்ஜ் ராடு மாட்டிய பிறகே கை வைக்கலாம்.

அப்படிப் பாடம் நடத்திய நானே ஒரு ஜனவரி இரவில் அதை மறந்தேன். பேத்தியின் லேப்டாப் ஆமையாக ஊர்கிறதே என்று நேரு பிளேசில் 8 ஜி.பி. மெமரி ஒன்று வாங்கி வந்தேன். அறையில் ஹீட்டர், உடம்பில் கம்பளி ஸ்வெட்டர், காலடியில் கார்ப்பெட். மெமரியைத் தொட்டதும் விரல் நுனியில் சுள்ளென்றது. பொருத்தினேன், லேப்டாப் கண் விழிக்கவில்லை. மறுநாள் காலை அவளுக்கு ஆன்லைன் தேர்வு! புதியதைக் கழற்றிப் பழையதை மட்டும் போட்டதும் உயிர் வந்தது, எனக்கும்தான்.

டில்லிக் குளிரில் ரஜாயை இழுத்தாலே பொறி பறக்கும். நமக்கு அது உறைக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். மெமரி சில்லைக் கெடுக்கச் சில நூறு வோல்ட்டே போதும். அதாவது, நாம் உணராமலே அதைக் கொன்றுவிடலாம்.

அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

வாங்குமுன், உங்கள் லேப்டாப்பில் மெமரிக்கு இடம் உண்டா என்று பாருங்கள். பல மெல்லிய மாடல்களில் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். டி.டி.ஆர்.4-க்கு 260 பின், டி.டி.ஆர்.5-க்கு 262, வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது, பலவந்தம் வேண்டாம்.

லேப்டாப்பை முழுவதுமாக அணைத்து, சார்ஜரை எடுங்கள். அடி மூடியைத் திறந்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். இது பவர் பிளாக்.

ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, வெறும் மேஜையில் வேலை செய்யுங்கள். இரும்புக் குழாயைத் தொட்டு, கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைப்பில் வரும் குழாய் உதவாது. பிறகு லேப்டாப்பின் உள்ளே உள்ள வண்ணம் பூசாத உலோகச் சட்டத்தைத் தொடுங்கள். இது டிஸ்சார்ஜ் ராடு. அதன் பிறகே மெமரியைப் பையிலிருந்து எடுங்கள்.

ஓரங்களை மட்டும் பிடித்து, தங்க நிறப் பகுதியில் விரல் படாமல், 30 டிகிரி சாய்வில் நுழைத்து, இரு பக்கக் கொக்கியும் 'டிக்' என்னும்வரை கீழே அழுத்துங்கள். பாட்டரியை இணைத்து, மூடியைப் பொருத்துங்கள். டி.டி.ஆர்.5 முதல் தடவை விழிக்கச் சில நிமிடம் ஆகலாம், பதற வேண்டாம்.

இரண்டாவது மெமரியை இப்படித்தான் பொருத்தினேன். "தாத்தா, என்ன இது, எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுக் கும்பிடறீங்க?" என்று பேத்தி சிரித்தாள். சிரிக்கட்டும். லேப்டாப் ஓடுகிறது.